நாலு விரல்

இந்தக் காலத்துச் சனம் ஒரு வளவுக்கை வந்தால் சுகம் கேக்கிறதில்லை. முதல் போனைத் தூக்கிப் படம் எடுக்குது, பிறகுதான் ஆளைப் பாக்குது. தொல்பொருள் படிப்பிக்கிற ரேச்சல் பிள்ளையும் அப்பிடித்தான் எங்கடை உடுப்பிட்டி ஒழுங்கைக்கு வந்தவ. பின்னாலை பயிற்சிக்கெண்டு பன்னிரண்டு பெடி பெட்டையள்.

வரவழைச்சது நான்தான்.

பக்கத்து வளவு என்ரை அண்ணை ஆழ்வாப்பிள்ளையின்ரை. வருசா வருசம் வேலி அடைக்கேக்கை கதியால் தடியளை ஒரு விரல் என்ரை பக்கம் தள்ளி நடுவார். நாலு வருசம், நாலு விரல். கேட்டால், "உனக்குக் கண் மங்கிப்போச்சடா தம்பி" எண்டு சிரிப்பார். அந்த வளவிலைதான் பேத்தி தாரிகாவின்ரை கலியாணத்துக்கு வீடு கட்ட அத்திவாரக் கோடு கீறினவர்.

அந்தக் கிழமை நான் என்ரை காணியிலை கக்கூசுக்குக் குழி வெட்டினன். இடுப்பளவிலை ஒரு மண்தாழி. முழுசு, ஒரு கீறல் இல்லை. உள்ளுக்குச் சின்ன எலும்புகள், கைக்குழந்தையின்ரை அளவு. பழஞ்சாமான் கிளம்பின காணியிலை வீடு கட்ட விடாயினம் எண்டு சந்தியிலை கதைச்சது ஞாபகம் வந்துது. தனிய நிண்டு சிரிச்சன்.

குழி கிண்டின இரும்பு அலவாங்காலை தாழிக்கு ஒரு போடு. எலும்பைக் கதலிவாழைக்குத் தாட்டன், நல்ல பசளை. அண்ணை பருத்தித்துறைக்கு மருந்தெடுக்கப் போன நேரம் பாத்து, ஓட்டுத்துண்டுகளை அவரின்ரை அத்திவாரக் கோடு நீளத்துக்கு வெங்காயம் நடுற மாதிரி நட்டன். எழுபத்தாறு வயசிலை என்ரை கால் அப்பிடித் துள்ளுமெண்டு எனக்கே தெரியாது. பிறகு தொல்பொருள் கந்தோருக்கு ரெலிபோன் அடிச்சன்; அவைதான் ரேச்சல் பிள்ளையை அனுப்பினவை.

ரேச்சல் பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கேலாது. கயிறு கட்டி, கட்டடம் கட்டத் தடை எண்டு பலகை நட்டா. வீட்டு வேலை நிண்டுது. மாப்பிள்ளை வீட்டார் வேறை இடம் பாத்திட்டினம். அண்ணை அந்தப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிக்கிறதைப் பாத்து நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினன்.

பிழைச்ச இடம் ஒண்டுதான். அந்தப் பெடியள் ஓடுகளைக் கழுவி ஒட்டப் பழகினவை. வளவு முழுக்க எடுத்த துண்டெல்லாம் ஒரே தாழியாய்ச் சேந்திட்டுது. உடைஞ்ச விளிம்பெல்லாம் புது நிறம். தாழியின்ரை வயிற்றிலை அடிபட்ட பொத்தல் ஒண்டு. ரேச்சல் பிள்ளை என்ரை அலவாங்கை எடுத்து வைச்சுப் பாத்தா. அளவு சரி.

"ஐயா, இதுக்குள்ளை இருந்த எலும்பு எங்கை?"

குலை தள்ளின கதலியைக் காட்டினன். பிள்ளை வாழையடி மண்ணைக் கிளறிப் பாத்தா.

"ரண்டாயிரம் வருசம் அப்பிடியே கிடந்தது, ஐயா."

"ஓம் பிள்ளை. அதுக்கென்ன அவசரம், எனக்கெல்லோ நேரமில்லை."

உடைச்சது நான், தாட்டது நான், தாரிகாவின்ரை கலியாணத்தைக் குழப்பினதும் நான். எழுதிக் கையெழுத்தும் வைச்சன். அண்ணையிட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னா. காணி அளக்கிற உங்கடை மூண்டுகால் கருவியாலை முதல் வேலியை அளவுங்கோ, பிறகு கேக்கிறன் எண்டன்.

பழைய காணி உறுதிப் பத்திரத்தை விரிச்சு வைச்சு, ரண்டு தரம் அளந்தா. வேலி ஒரு விரல்கூட அசையேல்லையாம்.

கருவி பிழை எண்டு சொல்லிப்போட்டு, படலையைச் சாத்திக்கொண்டு நடந்தன்.