கவனிக்கப் போனவள்

"ஒரு மாசம் கிளாஸ்ல இருந்தேன் அக்கா, சார் பாடம் நடத்தி ஒருநாள்கூட நான் பார்க்கல."

எழுபதுகளில் ஒரு காலை, மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் இப்படிச் சொன்னாள். ஆசிரியப் பயிற்சிக்கு மனு கொடுக்கப் போகிறாளாம். மடியில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது.

"இன்டர்வியூல சொல்றதுக்கு ஆவும்னுதானே கிளாஸைப் பாக்கப் போன, ஸ்டெல்லா?"

"ஆமா. முதல் நாளே சாக்பீஸை என் கையில குடுத்துட்டு சார் உப்பளத்துக்குப் போயிட்டாரு. அங்க அவருக்குப் பாத்தி இருக்குது. மழைக்கு முன்னாடி உப்பு வாரணுமாம்."

"அப்ப மூணாங்கிளாஸ் முழுக்க நீயா?"

"வாய்ப்பாடு, பாட்டு எல்லாம் நான்தான். ரெண்டு நாள் பயத்துல குரலே வரல. அப்புறம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு அக்கா."

அக்கா கவரைப் பிரித்து, சார் கொடுத்திருந்த சான்றிதழைச் சத்தமாகவே படித்தாள். "'கடைசி பெஞ்சில் அமைதியாக அமர்ந்து என் வகுப்பைக் கவனித்தார்.' ஏண்டி, நீ பாடம் நடத்துனேன்னு எழுதச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். 'அப்ப நான் எங்க இருந்தேன்னு எழுதறது?'ன்னு சார் என்னையே கேக்குறாரு."

"சரி, இன்னிக்கு பசங்களை யாரு பாத்துக்குறாங்க?"

"சார்தான். எந்தப் பிள்ளைக்கு என்ன பேருன்னு நேத்து சாயந்திரம் என்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டாரு."