பாஸ்கலின் நாக்கு

திராட்சையைக் கழுவிய பிறகு ஈரம் போகத் துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். நிறைய பேர் இதைச் செய்வதில்லை. கழுவின கையோடு ஜாடியில் போட்டு மசித்துவிடுகிறார்கள். அப்புறம் பூஞ்சை பிடித்துவிட்டது என்று திராட்சை விற்றவனைத் திட்டுகிறார்கள். என் ஜாடியில் ஒரு வருஷமும் பூஞ்சை பிடித்ததில்லை, சார். வீட்டைச் சோதனை போட்டபோது சமையலறைக்குப் பின்னால் வரிசையாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். எதிலும் விஷம் இல்லை. பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். நல்ல ஒயின் என்றுதான் பதில் வரும்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு என் தங்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு ஜெயசீலியை வளர்த்தது நான்தான். அவளுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, மேனாம்பேட்டில் சொந்த வீடு, போதும் என்று இருந்துவிட்டேன். அவளுக்குப் பாஸ்கலைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் டர்னர். குவார்ட்டர்ஸ் உண்டு. குடிப்பான் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமானால் திருந்திவிடுவான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அவன் திருந்தவில்லை. அந்த வருஷங்கள்தான் எங்கள் குடும்பத்தின் நல்ல வருஷங்கள் என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாரம் தவறாமல் ஜெயசீலி குழந்தை ரோஸியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவாள். சில நாள் உதடு வீங்கியிருக்கும். நான் எண்ணெய் தடவி விடுவேன், சமைத்துப் போடுவேன். அவள் தூங்கின பிறகு போய்ப் பாஸ்கலைச் சாராயக் கடையிலிருந்து தூக்கி வருவேன். குளிப்பாட்டி, வேட்டி மாற்றிப் படுக்கவைப்பேன். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் என்னைக் காட்டிப் பேசிக்கொள்வது காதில் விழும். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன்.

பிறகு பாஸ்கலுக்கு வயிறு வீங்கியது. ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்தது நான்தான். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஈரல் போய்விட்டது, தொண்டைக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்துக்கொண்டிருக்கின்றன, இனி கொஞ்சம் குடித்தாலும் வெடித்துவிடும், அப்புறம் காப்பாற்ற முடியாது என்றார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அவர் தமிழில்தான் சொன்னார்.

பாஸ்கல் குடியை விட்டுவிட்டான். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெபக் கூட்டத்துக்குப் போனான். அக்கம்பக்கத்து வீட்டு மிக்ஸியையெல்லாம் ரிப்பேர் செய்து கொடுத்தான். மொபெட் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதில் உட்கார்ந்து கோயிலுக்கு வருவார்கள். ஜெயசீலிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. என் வீட்டுக்கு வருவது குறைந்தது, அப்புறம் நின்றது.

ஒரு ஞாயிறு நாலு பேருக்கு ஆட்டுக்கறி சமைத்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. தூக்குவாளியில் போட்டுக்கொண்டு நானே ஆவடிக்குப் போனேன். மூவரும் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி தலையில் பூ வைத்திருந்தாள்.

"இன்னா அண்ணா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே? நாங்க பீச்சுக்குக் கெளம்பிட்டோம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களப் பத்தி இனிமே கவலப்படாதே அண்ணா. உனக்கு எங்களால இனி ஒரு தொந்தரவும் இல்ல" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். தூக்குவாளியோடு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கறியை நாய்க்குப் போட்டேன்.

ஒயினைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுவது எங்கள் ஆட்களிடம் வழக்கம்தான். ஆனால் கம்பெனிக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் என் வீட்டில் சாப்பிட்டபோதுதான் அதை எப்படி ருசிப்பது என்று தெரிந்துகொண்டேன். கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்றிவிட்டு முகர வேண்டும். வாயில் வைத்து உருட்ட வேண்டும். இன்ன சாப்பாட்டுக்கு இன்ன ஒயின் என்று சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு விதவிதமாகப் போட ஆரம்பித்தேன். சர்க்கரை குறைத்து ஒன்று, நாவல் பழம் கலந்து ஒன்று, இரண்டு வருஷம் ஊறவிட்ட துவர்ப்பான ஒன்று. கரையான்சாவடிக் கடையில் பன்னீர் திராட்சை வந்தால் எனக்குத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.

பாஸ்கலை வரவழைத்து, பெயிண்ட் தின்னர் நெடியில் என் மூக்குப் போய்விட்டது என்று சொன்னேன். வாசனையே தெரியவில்லை, ஒயின் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை என்றேன். அது உண்மையில்லை. என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஐயோ மச்சான், என்னாண்ட போயி ஒயினைக் காட்றியே" என்று பின்வாங்கினான்.

"குடிக்கச் சொல்லல மாப்ளே. மோந்து பாத்துச் சொல்லு, போதும்."

"நீ எனக்கு எவ்ளோ செஞ்சிருக்கே. மூக்கு தானே, எடுத்துக்கோ" என்றான்.

அவனுக்கு அபாரமான மூக்கு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. "கிராம்பு தூக்கலா கீது. அடியில மழையில நனைஞ்ச மரம் மாதிரி ஒண்ணு கீது" என்பான். சரியாக இருக்கும். அவன் மூக்கை யாரும் அதுவரை மதித்ததில்லை, சார். மோந்து பார்த்துச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வரும். சில ஞாயிறுகள் கழித்து, மூக்கு மட்டும் போதாது, வாயில் வைத்துத் துப்பிவிடு என்றேன். பக்கத்தில் கிண்ணமும் வைத்தேன். அதற்கப்புறம், துப்பினால் சாப்பாட்டோடு சேர்கிறதா என்று எப்படித் தெரியும் என்றேன். நியாயமான கேள்விதானே. முதல் முறை விழுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டான். திறக்க வெகு நேரமாயிற்று.

நான் அவனை ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. மிளகு போட்ட பன்றிக்கறிக்கு நாவல் பழ ஒயின் சேர்ந்தது. வஞ்சிரம் வறுவலுக்கு எதுவும் சேரவில்லை. இரும்பை நக்கினதுபோல் இருக்கிறது என்றான். அது சரி, சிவப்பு ஒயினுக்கு மீன் ஆகாது. இருவரும் சிரித்தோம். நல்ல சாப்பாடு, நல்ல பேச்சு. ஏலக்காயை மென்றுவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போவான்.

பிறகு ஒரு நாள் சாயந்தரம் ஜெயசீலி வந்தாள். ரோஸி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அவரு மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு அண்ணா" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க குடிக்கிறாருன்னே தெரியல. காலையில கை நடுங்குது. அவரு உன்னாண்ட வர்ற ஞாயித்துக்கெழம மட்டும்தான் நான் நிம்மதியா கீறேன்."

நான் அவளை உள்ளே அழைத்துப் போய்க் காப்பி போட்டுக் கொடுத்தேன். மீன் வறுத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். ரோஸியை என் மடியில் போட்டுக்கொண்டேன். "நான் பாத்துக்கிறேன் ஜெயா" என்றேன். அன்று நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாஸ்கல் கெட்டவன் இல்லை. அவனே முடிவெடுத்தான். குடியை நிறுத்துவதற்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் சேர்ந்துவிடுகிறேன் என்று ஜெயசீலியிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை சேர வேண்டும். என் பெயரை அவளிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. அன்று மாலை அவள் குழந்தையோடு பூந்தமல்லிக்கு நவநாள் ஜெபத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேண்டுதல். கிளம்பும்போது என்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கூப்பிட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் அவரு கூட இரு அண்ணா. வெளிய வுடாதே. இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டாப் போதும்."

போனேன். மாட்டுக்கறி வறுவலும், அந்த இரண்டு வருஷத்து ஒயினும் பையில் இருந்தன.

பையைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சுவரோடு ஒட்டி நின்றான். "அத்த எடுத்துக்கினு போயிடு மச்சான். உன் கால்ல உழறேன். வாசல்லயாவது வெச்சுட்டு வா" என்றான். நிஜமாகவே குனிந்து என் காலைத் தொட்டான். நான் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டேன், கறியை வைத்துக்கொண்டேன், எனக்கு மட்டும் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். மெதுவாகச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தான்.

"கறிக்கு இது சேருதான்னு எனக்குத் தெரியல மாப்ளே" என்றேன். "உன் நாக்கு இல்லாம நான் இன்னா பண்றது?"

டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் எடுத்தான். குடித்துவிட்டு அழுதான். அடுத்ததை அவனே ஊற்றிக்கொண்டான். "நல்லா சேருது மச்சான்" என்றான். அதற்கடுத்ததையும் முடித்தான்.

அவன் வாந்தி எடுத்தபோது முதலில் ஒயின் என்று நினைத்தேன். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு அது நிற்கவில்லை. தரையில் சரிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "ஜெயசீலி எங்க?" என்று கேட்டான். "வந்துகினு இருக்கா" என்றேன். தெருக்கோடியில் டெலிபோன் இருந்தது. பக்கத்து வீட்டில் ஜீப் ஓட்டுகிற ஆள் இருந்தார். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவன் பிடி தளர்ந்த பிறகு கையை எடுத்துக்கொண்டு, டம்ளரைக் கழுவினேன். பாட்டிலை அலசிப் பையில் வைத்தேன். சட்டையில் தெறித்திருந்ததைத் துடைத்தேன். அப்புறம் கதவைத் திறந்து கத்தினேன். ஜனங்கள் ஓடிவந்தார்கள். பழைய நோய்தான் அவனைக் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஜெயசீலியும் ரோஸியும் என் வீட்டுக்கு வந்தார்கள். முன்னறையை அவர்களுக்குக் கொடுத்தேன். புதுக் கொசுவலை வாங்கினேன். ரோஸியை மேனாம்பேட்டிலேயே பள்ளியில் சேர்த்தேன். ஜெயசீலி அதிகம் பேசமாட்டாள். ஆனால் நான் சமைத்ததைச் சாப்பிட்டாள்.

போன வாரம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "ஜெயா, பால் அடி புடிக்குது பாரு" என்று குரல் கொடுத்தேன். பழக்கதோஷம்.

அவள் வந்து அடுப்பை அணைத்தாள். ஈரக் கையோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"பால் அடி புடிச்சது உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

"சத்தம் கேட்டுது."

"பொங்கினாத்தான் சத்தம் வரும். அடி புடிச்சா சத்தம் வராது அண்ணா." அவள் குரல் உயரவில்லை. "மச்சானுக்கு மூக்குப் போச்சு, பாவம், நான்தான் போயி மோந்து பாத்துச் சொல்றேன்னு ஞாயித்துக்கெழம தவறாம கெளம்புவாரு. சமையலுக்கு மசாலா வாசனை பாக்கத்தான் நீ அவரக் கூப்புடறேன்னு நெனச்சேன்."

நான் பேப்பரை மடித்துவைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பின்னால் போய் ஜாடிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ரோஸியைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் வெளியே போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். குடித்தால் செத்துப்போவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன். கூப்பிட்டால் ஆள் வரும் என்பதும் தெரியும். தெரிந்துதான் கூப்பிடவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜெயசீலி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அழுகையை நிறுத்த முடியவில்லையாம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். என்னை ஒரு ஐந்து நிமிஷம் அவளிடம் விடுங்கள். இப்படி அழும்போது அவளைத் தேற்ற என்னால் மட்டும்தான் முடியும்.