திரையில் தெரியாத இடது கை

நேரம் கடந்தால் அடிப்பதற்கென்றே மணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! வயிற்றைக் கிழிக்காமலே வயிற்றுக்குள் போய்வரும் வித்தை அறிந்த தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நடையுமாய் வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பச்சை உடையில் பின்வரிசையில் பதுங்கியிருக்கும் பயிற்சி மருத்துவர்களே! பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அந்த மூலையில் நிற்கும் புதிய பயிற்சி இயந்திரமே! உனக்கும் என் வணக்கம். ஆனால் உன்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

சிரிக்காதீர்கள். மருத்துவமனையின் இந்தப் பயிற்சிக் கூடத்தைத் திறந்துவைத்து இயந்திரத்தை நாலு வார்த்தை வாழ்த்துங்கள் என்றுதான் அழைத்தார்கள். அழைக்குமுன் என் வீட்டில் விசாரித்திருக்க வேண்டாமா? பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பேன். பழம் வாங்கினால் அடியில் கிடப்பதைப் புரட்டிப் பார்ப்பேன். ஒரு கடிகாரம் மணி சொன்னால் இன்னொரு கடிகாரத்திடம் கேட்பேன்.

நான் பார்த்த உத்தியோகம் அப்படி. வண்டி ஓட்டக் கற்றவர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் தரும் வேலை. தேர்வுத் திடலின் வளைவில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று கிடந்தது. வருகிறவர் எல்லாரும் அந்த வளைவில் இம்மியும் பிசகாமல் திரும்பினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் காலையில் யாரும் வருமுன் அந்தக் கல்லைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன். அன்றைக்கு ஒருவர்கூடத் தேறவில்லை! வேலியில் ஏறியவர் பாதி, கம்பத்தில் இடித்தவர் மீதி. ஒருவர் இறங்கிவந்து என்னிடமே சண்டை பிடித்தார்: "கண்ணாடியில கல்லு தெரிஞ்சா ஸ்டியரிங்கைத் திருப்புன்னுதான் சார் சொல்லிக் குடுத்தாங்க. கல்லை யாரு நகர்த்தினது?" அவர் வண்டியைக் கற்கவில்லை ஐயா, கல்லைக் கற்றிருந்தார்!

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, என் மனைவியின் பித்தப்பையில் கல் என்றார்கள். இந்தக் கல்லை நானா நகர்த்த முடியும்? அதோ, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள். முறைக்கிறாள். அம்மணி, ஊருக்கே தெரிந்த கதைதானே, சொல்லிவிடுகிறேன்.

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள். ஒன்றில் காமிரா, மற்றவற்றில் நீளக் கருவிகள். மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே வேலையை முடிப்பார் என்றார்கள். யார் செய்வார் என்று கேட்டேன்.

"பயிற்சியில இருக்கிற டாக்டர்தான் செய்வாங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்," என்றார் தலைமை மருத்துவர் அம்மா.

"எதுலம்மா பயிற்சி?"

"மெஷின்ல."

"மெஷினுக்கு வலிக்குமாம்மா?"

"வலிக்காது. அதனாலதான் முதல்ல அதுல பழகறாங்க. நம்பிக்கை இல்லைன்னா நேர்லயே வந்து பாருங்க."

நம்பிக்கை எனக்கு என்றைக்கு இருந்தது? போனேன். குளிரூட்டிய அறை. இடுப்புயரப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைப்பிடிகள், எதிரே திரை. திரையில் பொய்யான ஈரல், பொய்யான பித்தப்பை, தொட்டால் பொய்யான இரத்தம். ஒருவர் முடித்ததும் இயந்திரம் வேகத்தையும் பிழையையும் கணக்கிட்டு மதிப்பெண் போடுகிறது. சுவரில் பெரிய பலகை. உச்சியில் ஓர் இளம் மருத்துவர். அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் மின்னல். அடியிலும் அடியில் ஒரு பெண் மருத்துவர். அவருக்கு வைத்த பெயர் ஆமை. என் மனைவிக்கு யாரை ஒதுக்கியிருந்தார்கள் தெரியுமா? ஆமையை!

ஆமை புகுந்த வீடே உருப்படாது என்பார்கள். ஆமை புகுந்த வயிறு? விடுவேனா? மின்னல் வேண்டும், மின்னலே வேண்டும், மின்னலைத் தவிர வேறெவரும் வேண்டாம் என்று குதித்தேன். என் மனைவி கேட்டாள்: "வயிறு என்னோடது. நீங்க எதுக்கு ஆளை மாத்தறீங்க?"

"வயிறு உன்னோடதுதான். உனக்கு ஒண்ணுன்னா வீடு யாரோடது?" என்று கத்தினேன். தாய்மார்களே, அது கோபமல்ல, பயம். அவள் இல்லாத வீட்டில் எந்த விளக்குக்கு எந்தச் சுவிட்ச் என்றுகூட எனக்குத் தெரியாது.

தலைமை மருத்துவர் அம்மா சிரித்தார். "சரி, ரெண்டு பேரையும் இன்னொரு தடவை பாத்துடுவோம். ஆனா மெஷின்ல இல்ல."

அந்த அறையின் அலமாரியில் ஒரு பழைய பெட்டி இருந்தது. மதிப்பெண் போடத் தெரியாத வெறும் பிளாஸ்டிக் பெட்டி. துளைவழியே காமிராவும் கருவிகளும் போகும், அவ்வளவுதான். அதற்குள் ஒரு திராட்சையை வைத்தார். பழம் நசுங்காமல் தோலை மட்டும் உரிக்க வேண்டும். மின்னல் வந்தார். பளிச்சென்று பிடித்தார், பளபளவென்று உரித்தார், நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுமுன் முடித்தார். கை தட்டினேன்! அம்மா தட்டவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தார்.

உள்ளே பக்கச் சுவர்களில் நனைத்த மெல்லிய காகிதம் ஒட்டியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் அவரே ஒட்டியிருக்கிறார். இடப்பக்கக் காகிதத்தில் மூன்று கிழிசல்கள். "இந்தக் காகிதம் குடலா இருந்தா?" என்று கேட்டார்.

மின்னலின் முகம் செத்துவிட்டது. "மெஷின்ல எப்பவும் முழு மார்க்தான் மேடம் வந்துச்சு. ஸ்க்ரீன்ல தெரியாததை அது கணக்குலயே எடுத்துக்காது. அதனால வேலையில்லாதப்ப இடது கைக் கருவியைக் காமிராவுக்கு வெளியில தள்ளி வெச்சுக்குவோம். எல்லாருமே அப்படித்தான் மேடம் பழகியிருக்கோம்."

எல்லாருமா? ஒருவர் மட்டும் இல்லை. காகிதத்தை மாற்றி, ஆமையைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் உரிப்பார், நிறுத்துவார். காமிராவைத் திருப்பி இடது கைக் கருவியின் முனையைத் தேடுவார். கண்டபிறகுதான் அடுத்த இழை. எனக்குக் கொட்டாவி வந்தது. மூடி திறந்தது. காகிதம் போட்டது போட்டபடி இருந்தது. இதற்காகத்தான் ஐயா, இத்தனை நாளும் இயந்திரம் அவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்து வந்தது!

"ஏம்மா, ஒவ்வொரு தடவையும் தேடறே?" என்றேன்.

"பாக்காத இடத்துல என் கருவி இருந்தா எனக்கு மூச்சு முட்டும் ஐயா," என்றார் அந்தப் பெண்.

கல்லை நகர்த்தியவன் என்று மார் தட்டிய நான், மதிப்பெண் பலகையைப் பார்த்து மயங்கி நின்றேன்! வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினேன்! போகட்டும். அந்த ஆமைதான் என் மனைவிக்கு அறுவை செய்தார். மெல்லச் செய்தார், மேன்மையாகச் செய்தார். முறைக்கும் அளவுக்குத் தெம்போடு அவள் இங்கே அமர்ந்திருப்பதே சாட்சி.

அவையோரே! இயந்திரம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை! முதல் தவறு மனித வயிற்றில் நடப்பதைவிட இயந்திர வயிற்றில் நடப்பது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கேட்கிறேன்: கண்டதற்கே மதிப்பெண் என்றால், காணாததற்கு யார் காவல்? திரையில் தெரிந்த கைக்குத் திறமைப் பட்டம் என்றால், திரைக்கு வெளியே திரியும் கைக்கு யார் பொறுப்பு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள். திரைச் சுரைக்காய் மட்டும் உதவுமா? இந்தப் புதிய இயந்திரத்தை விற்க வந்தவரிடம் கேட்டேன்: "ஸ்க்ரீனுக்கு வெளிய பட்டா மார்க் குறையுமா?" "நல்ல கேள்வி சார்," என்றார். நல்ல கேள்வி என்று ஒருவர் புகழ்ந்தாலே பதில் இல்லை என்று பொருள். ஆகவே அந்த மதிப்பெண் பலகையைக் கழற்றுங்கள்! கழற்றிய இடத்தில் அந்தப் பழைய பெட்டியை வையுங்கள்!

தலைவர் மணியைத் தூக்கிவிட்டார். ஒரே செய்தி, முடித்துவிடுகிறேன். வருகிற வாரம் எனக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை. அதுவும் துளைவழிதான். யார் செய்யட்டும் என்று அம்மா கேட்டார். மின்னல் என்றேன். ஏன் இத்தனை சலசலப்பு? என் மனைவியும் இப்போதுதான் கேள்விப்படுகிறாள். மேடையில் நிற்கும்போது சொன்னால் அடிக்க மாட்டாள் அல்லவா?

நேற்று அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். காகிதம் ஒட்டிய பெட்டியின்முன் நின்றிருந்தார். "வேற யாரையாவது கேளுங்க ஐயா," என்றார். "இடது கை எங்க இருக்குன்னு பாக்காம இப்பல்லாம் எனக்கு வலது கை நகரவே மாட்டேங்குது. மார்க்கெல்லாம் கீழ போயிடுச்சு. உங்களுக்கு லேட்டாகும்."

"எவ்வளவு லேட்டாகும்?"

"ரொம்ப."

"நான் தூங்கிக்கிட்டுதானே இருக்கப் போறேன், எனக்கென்ன அவசரம்?" என்றேன்.

வேகத்தை நான் நம்பமாட்டேன். பலகையை நம்பமாட்டேன். பளபளப்பை நம்பவேமாட்டேன். தன் கையைத் தானே சந்தேகிக்கத் தொடங்கிய அந்தப் பிள்ளையிடம் என் வயிற்றைத் தைரியமாகக் கொடுக்கிறேன். பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கும், முறைத்துக்கொண்டே கேட்ட என் மனைவிக்கும், அடிக்காமல் மணியைப் பிடித்திருந்த தலைவருக்கும் நன்றி. பிழைத்து எழுந்து வந்து மறுபடியும் சந்தேகப்படுவேன் என்று சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்!