பதினெட்டு மணி நேரம் படிக்கிற எழிலரசன்

ஹலோ... ஆமா, எழிலரசன்தான். நீங்க?... எந்த புவனேஸ்வரி?... வேப்பம்பட்டு... மேடமா? மேடம், வணக்கம் மேடம். மன்னிச்சுக்கோங்க. தெனமும் பாடத்துல கேக்குற கொரலுதான், ஃபோன்ல கேட்டதும் புடிபடல... நீங்களே கூப்புடுவீங்கனு நெனக்கவே இல்ல. ஆபீஸ்லேந்து யாராச்சும் பொண்ணு... ஓ, ஆபீஸே நீங்க ஒருத்தர்தானா. சரி மேடம், சரி.

இல்ல இல்ல, எந்திரிச்சுட்டேன். சி ஷிப்ட்டு மேடம், நைட்டு. காலைல ஆறு மணிக்கு கம்பி மில்லுலேந்து வந்து படுத்தேன், இப்பதான் மூஞ்சி கழுவினேன். ரூம்லதான் கீறேன்... இருக்கேன் மேடம். ஆமா, கும்மிடிப்பூண்டிதான், பைபாஸ் பக்கம்... சொல்லுங்க.

டெஸ்ட்டா... ஆமா, போன வாரம் எழுதுனதுதான்... தொண்ணூத்தாறா?... அப்டியா... ம்... ரொம்ப தேங்க்ஸ் மேடம்... மூணு டெஸ்ட்டுலயும் ஃபர்ஸ்ட்டு... ஆமா, போன தடவ நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. கேட்டேன். ஒரு பத்து தடவ கேட்டிருப்பேன். எங்க நைனாவுக்கும் அனுப்பிட்டேன். அவரு பழவேற்காட்டுல படகு நிறுத்துற எடத்துல வர்றவன் போறவன் எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கினு இருக்காரு. பி.எல்.சி.னு அவருக்குச் சொல்ல வராது. "மெஷின ஓட்டுற கம்ப்யூட்டரு படிக்கிறான் எம்புள்ள, டீச்சரம்மாவே பேசிக்கீறாங்க"னு சொல்லிக்கினு... ஆமா மேடம், அவருக்கு ரொம்ப சந்தோசம்... எனக்கும்தான்.

இன்னாது?... முழுசா நாப்பத்திரெண்டு பாடமுமா?... டெலிகிராம்ல ஓசிக்குப் போட்டுட்டானா... அடப்பாவிங்களா. ஸ்கிரீன ரெக்கார்டு பண்ணி... தெரியுமே மேடம், அதுக்குத்தான வீடியோ மேல படிக்கிறவன் பேரும் நம்பரும் ஓடிக்கினே இருக்குது... அதையும் மறைச்சுட்டானா. சே... ஆமா மேடம்... ஆமா, ஆமா... உண்ட ஊட்டுக்கு ரெண்டகம் பண்றவனுங்க. நீங்க காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, புள்ளைங்க முழிக்கிறதுக்குள்ள உக்காந்து எடுக்குற பாடம்... தெரியும் மேடம், நடுவுல "ஒரு நிமிஷம், ட்ரெயின் போவட்டும்"னு நிறுத்துவீங்களே. அந்த எடத்துல எங்களுக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க... எனக்கு. எனக்கும் தண்ணி குடிக்க டைம் கெடைக்கும்னு சொல்ல வந்தேன்.

ஆமா, ஒரு அக்கவுண்ட்ட வாங்கி ஊருக்கே குடுக்குறவனுங்களும் இருப்பானுங்க... ஆமா... இருக்கத்தான் செய்வானுங்க... நீங்க ஒரு ஃபோனுக்கு மேல தொறக்காம பூட்டு போட்டீங்களே, அது நல்ல வேல... இல்ல மேடம், நீங்க என்ன சந்தேகப்படல, தெரியும். நானாத்தான் சொல்றேன்.

மூடப் போறீங்களா? கோர்ஸயேவா?... இன்னா மேடம் இது... ம்... உங்க ஊட்டுக்காரரு சொல்றதும் நாயம்தான்... "காசு குடுத்துப் படிக்கிறவன் ஒருத்தன காட்டு"னு கேட்டாரா... அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?... என் பேரையா... என் பேரையா காட்டினீங்க...

மேடம், ஒரு நிமிஷம்.

வாடா தணிகை. முடிஞ்சுதா ஷிப்ட்டு... ஒண்ணும் இல்லடா, மில் ஆபீஸ்லேந்து. லீவு விஷயமா... நீ போய் குளி. பக்கெட்டுல தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன்... அப்புறம் பாத்துக்கலாம் பாடத்த, எங்க ஓடிடப் போவுது. மொதல்ல குளிடா.

சொல்லுங்க மேடம்... ரூம்ல கூட இருக்குறவன். விடுங்க, நீங்க சொல்லுங்க.

நாளைக்கா?... எந்தக் கம்பெனி... ஓ, அந்தப் பெயிண்ட்டு கம்பெனியா. பெரிய எடமாச்சே. அங்க ஆள் எடுக்குறதே... டெக்னீசியனா... கான்ட்ராக்ட்டு இல்லியா?... உங்ககிட்டயே கேட்டாங்களா, நல்ல ஆளா ஒருத்தன அனுப்புங்கனு... என் பேர குடுத்துட்டீங்களா... பத்து மணி... கேட்ல உங்க பேர சொன்னா போதுமா... சரி மேடம்... ம்... சரி. போறேன் மேடம்... கேக்குது, லைன்லதான் இருக்கேன். இல்ல, சந்தோசம்தான். 

எதுக்குப் பயந்தீங்க?... எனக்காகவா... பதினெட்டு மணி நேரமா... ஒரு நாளைக்கா... நாப்பது நாளாவா... அதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல காட்டுமா மேடம்?... ம்... தூங்குறேன் மேடம்... சாப்புடுறேன்... இல்ல, காஞ்சு பழுத்த கம்பி ஓடுற எடத்துல நான் நிக்கல, கொஞ்சம் தள்ளித்தான்... நேத்து பூரா அதயே நெனச்சுக்கினு இருந்தீங்களா... வேணாம் மேடம், எனக்காக அப்டிலாம்... உங்க தம்பிக்கா... எப்ப மேடம்?... ரெண்டு ஷிப்ட்டு சேத்துப் பாத்துட்டு... கண்ணசந்து... மெஷின்லயா... ஐயோ... எந்தக் கை?... ம்... ம்...

மேடம், நான் ஒண்ணு சொல்லணும்... இல்ல, நீங்க பேசி முடிச்சுட்டா அப்புறம் என்னால சொல்ல முடியாது. இருங்க, கதவ சாத்திக்கினு வர்றேன்.

அந்தப் பதினெட்டு மணி நேரம் நான் இல்ல மேடம்... நான் நல்லா தூங்குறேன். எட்டு மணி நேரம் தூங்குறேன். நாங்க மூணு பேரு... ஆமா. ஒரே அக்கவுண்ட்டுல மூணு பேரு. ஏ ஷிப்ட்டு ஒருத்தன், பி ஷிப்ட்டு ஒருத்தன், சி ஷிப்ட்டு நானு. ஒருத்தன் மில்லுல இருப்பான், ஒருத்தன் தூங்குவான், ஒருத்தன் பாடம் பாப்பான்... பூட்ட ஒடைக்கல மேடம். ஒரு ஃபோன்லதான தொறக்கும், அதனால பழைய ஃபோன் ஒண்ணு வாங்கி ரூம்லயே வெச்சிட்டோம். அரிசி டப்பா மேல, சார்ஜர்லயே கெடக்கும். யாரும் அத வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதுனு சட்டம் போட்டோம். ஃபோன் மாறவே இல்ல, ஆளுதான் மாறினோம். வீடியோ மேல என் பேரு ஓடும், அவனுங்க ரெண்டு பேரும் என்ன ஓனரு ஓனருனு கிண்டல் பண்ணுவானுங்க... பெரிய மூளனு நெனச்சு சிரிச்சுக்கினோம் மேடம்.

கேளுங்க மேடம்... காசா?

ஆமா, மூணு பேரும் சேந்துதான் போட்டோம் காச... நாயம் இல்ல. ஒரு சீசன் டிக்கெட்டுல மூணு பேரு ட்ரெயின் ஏறுனாப்போலதான். தெரியும். தெரிஞ்சுதான் பண்ணோம்... டெலிகிராம்ல போட்டது நாங்க இல்ல மேடம். நைனா மேல சத்தியமா இல்ல... ஆமா, எப்டி நம்புவீங்க. இப்ப கொஞ்சம் முன்னாடி நானும் சேந்து அவனுங்கள திட்டிக்கினு இருந்தேன். வாய் கூசாம திட்டினேன்.

இல்ல, பதினெட்டும் படிப்பு இல்ல. குப்புராஜ்னு ஒருத்தன், அவன் பாடத்த போட்டுட்டுத் தூங்கிடுவான். அது பாட்டுக்கு அடுத்தது, அடுத்ததுனு ஓடிக்கினு இருக்கும். அவன் கொறட்டையும் உங்க கணக்குல ஏறியிருக்கும்... சிரிக்கிறதுக்காக சொல்லல மேடம். உள்ளத சொல்றேன்.

நானா... கேக்காதீங்க மேடம்... ஆறாவது பாடம். ஆறு வரைக்கும்தான் பாத்தேன். அப்புறம் மண்டையில ஏறல. என் நேரம் வந்தா போட்டு வெச்சுட்டு ரீல்ஸ் பாத்துக்கினு இருப்பேன்.

இன்னாடா?... சோப்பு ஜன்னல்ல கீது பாரு. கதவ தட்டாத, பேசிக்கினு இருக்கேன்.

இல்ல மேடம், டெஸ்ட்டு நான் எழுதல... மூணும் நான் இல்ல... இப்ப கதவ தட்டினானே, அவன். தணிகைவேல். கடம்பத்தூர்க்காரன். எங்க மில்லுலதான் எலக்ட்ரீசியனுக்கு ஹெல்ப்பரு, கான்ட்ராக்ட்டு... டவுட்டா? அதுவும் அவன்தான்... ஆமா, "பெல்ட்டு மேல ரெண்டு பெட்டி ஒட்டிக்கினு வந்தா சென்சாரு ஒண்ணா எண்ணுமா ரெண்டா எண்ணுமா"னு கேட்டது. அதுக்குனு நீங்க தனியா ஒரு வீடியோவே போட்டீங்களே. அன்னிக்கு அவன் நாஷ்டா கூட துன்னல மேடம். அதயே போட்டுப் போட்டுப் பாத்துக்கினு இருந்தான்... நான் கேட்டதா? ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்டு மறந்துபோச்சுனு ஒரு மெசேஜ் வந்துச்சு பாருங்க, அது நானு.

அவனுக்குத் தெரியாது... இல்ல, ஃபர்ஸ்ட்டு வந்ததே தெரியாது மேடம். மெசேஜ் எல்லாம் என் நம்பருக்குத்தான வருது. மொத ரெண்டு டெஸ்ட்டுக்கும் கேட்டான், "எத்தினி மார்க்குடா"னு. "மார்க்கு போடல, பாஸ்னு மட்டும் போட்டுக்கீது"னு சொல்லிட்டேன்... ரெண்டு தடவையும்... உங்க வாய்ஸா? அத அவன் கேட்டதே இல்ல. அவன் இல்லாதப்பதான் போட்டுக் கேப்பேன்.

ஏன்னா... இன்னானு சொல்லுவேன் மேடம். என் பேரு போட்டு வந்துச்சு. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கவும் திட்டவும்தான் என் பேர ஒரு டீச்சரு சொல்லிக் கேட்டிருக்கேன். அந்த மெசேஜ்ல நீங்க "எழிலரசன், உங்கள நெனச்சா பெருமையா இருக்கு"னு சொன்னீங்க. அது அவனோடதுனு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எடுத்து வெச்சுக்கினேன். உங்ககிட்ட எடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். கூட ஒரே சட்டியில ஆக்கித் துன்றவன்கிட்ட எடுத்தேன் பாருங்க... வெக்கமா இருக்கு மேடம். இந்த ஃபோன காதுல வெச்சுக்கினு இருக்கவே வெக்கமா இருக்கு.

ஆமா... போலாம்னுதான் இருந்தேன். "சரி மேடம், போறேன்"னு சொன்னேனே, அப்ப நெசமாவே போறதாத்தான் சொன்னேன். இருக்குற ஒரு நல்ல சட்டைய தொவைக்கணுமேனு கூட ஓடுச்சு மனசுல. அப்புறம் நீங்க தூங்குறியா, சாப்புடுறியானு கேட்டீங்க. திட்டியிருந்தீங்கன்னா போயிருப்பேன் மேடம்.

திட்டுங்க... ம்... ம்... ஆமா... உங்க வார்த்தைய நம்பித்தான அவங்க ஆள் கேட்டாங்க... நான் பேசட்டுமா அந்தக் கம்பெனிக்கு? நம்பர் குடுங்க, நானே... சரி. சரி மேடம், நீங்களே பேசிக்கோங்க... உங்க ஊட்டுக்காரர்கிட்டயும் சொல்லணும்தான்... ஆமா. அவரு சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு, என்னால. கோர்ஸ மூடாதீங்கனு சொல்ல எனக்கு யோக்கியத இல்ல மேடம்.

அக்கவுண்ட்ட இப்பவேவா... மூடிடுங்க... தணிகையும் சேந்துதான் பண்ணான், இல்லனு சொல்லல. மூணு பேரும் சேந்து பண்ண தப்பு. ஆனா அந்த மார்க்கு அவன் வாங்கினது மேடம். அதுல திருட்டு இல்ல. அவன் பாக்காம எழுதுனான், நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்.

அவன்கிட்டயா?... இப்பவா... குளிச்சுட்டு... ம், வந்துட்டான். தல தொவட்டிக்கினு இருக்கான். மேடம், மொதல்ல நான் தனியா சொல்லிட்டு, சாயந்திரமா உங்களுக்குப் பேச சொல்லட்டுமா?... இல்ல... ஆமா. நீங்க சொல்றது சரிதான். சாயந்திரம்னா நான் சொல்ல மாட்டேன்.

இல்ல, வேலைக்கு அனுப்புங்கனு நான் கேக்கல. எப்டி கேப்பேன். அது உங்க முடிவு... சரி, அவன்கிட்டயே கேள்வி கேட்டுப் பாருங்க. எந்தப் பாடத்துலேந்து வேணா கேளுங்க... குடுக்குறேன் மேடம். இதோ.

தணிகை. இங்க வாடா... மில் ஆபீஸ் இல்ல. பொய் சொன்னேன். புவனேஸ்வரி மேடம்... ஆமா, நம்ம மேடம்தான்... சொல்லிட்டேன். மூணு பேரு பாக்குறத சொல்லிட்டேன்... மொறைக்காதடா. அத விட ஒண்ணு கீது, உங்கிட்ட நான் சொல்லாம வெச்சிருந்தது. மூணு டெஸ்ட்டுலயும் நீதான் ஃபர்ஸ்ட்டு... ஆமா. கடைசி டெஸ்ட்டுல தொண்ணூத்தாறு... தெரியும். ரெண்டு தடவ கேட்ட, ரெண்டு தடவையும் மறைச்சேன்... அப்புறமா அடிடா, எவ்ளோ வேணா அடி. இப்ப கைய தொடச்சுக்கினு இத புடி. மேடம் உன்னத்தான் கேக்குறாங்க.

ஓனரு பேர சொல்லாத. உன் பேர சொல்லு.