எக்ஸ் ஸ்டாண்டின் நாலாவது பல்

கீபோர்டு ஸ்டாண்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். எல்லாமே கறுப்புதான் என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைக்கும்.

சரிதா மேடம், நீங்கள் இந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. ஆயுத பூஜை மேடையில் நடந்த விபத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னீர்கள். உங்கள் படிவத்தில் காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

நான் வெங்கடப்பன். தரப் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். அதில் பன்னிரண்டு வருஷம் ஆயுத பூஜைக்குக் கீபோர்டு வாசித்தது நான்தான். ஒவ்வொரு வருஷமும் கைதட்டினார்கள். தட்டச் சொல்லி மைக்கில் கேட்போம் என்பது உண்மைதான். இருந்தாலும் தட்டினார்கள்.

போன வருஷம் அசெம்ப்ளி லைனில் முனிலட்சுமி சேர்ந்தாள். உத்தனப்பள்ளிப் பெண். அப்பா, அம்மா இருவரும் அங்கே ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார்கள். பர்கூரில் இன்ஜினியரிங் படித்தபோது காலேஜ் கீபோர்டில் தானாகவே வாசிக்கப் பழகிக்கொண்டாளாம். ஒருநாள் மதியம் கேன்டீன் ஓரத்தில் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் தட்டோடு எழுந்து வந்து நின்றார்கள். அன்றைக்கு சாம்பார் சரியில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் பாட்டுக் குழுவை நடத்துகிற நாராயணப்பன் அந்த வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வெங்கடப்பா, இந்த வருசம் அந்தப் புள்ள வாசிக்கட்டும்ப்பா. நீ முன்னாடி ஒக்காந்து கேளு. அதுக்கு ஒரு நல்ல ஸ்டாண்டு மட்டும் பாத்து வாங்கிக் குடுத்துடு. ஒன்ன விட்டா அதெல்லாம் யாருக்குத் தெரியும்?”

பாராட்டுதானே. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் முனிலட்சுமியும் ஓசூரில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனோம். அவள் நின்றுகொண்டு வாசிப்பவள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டு. பாட்டு வேகமெடுத்தால் உடம்பையே சாய்த்து அழுத்துவாள். அப்படி வாசிப்பவருக்கு நாலு கால் உள்ள மேஜை ஸ்டாண்டுதான் சரி. கடைக்காரரும், “டேபிள் டைப் தொகொளி சார், அல்லாடாது” என்று பாதிக் கன்னடத்தில் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் எக்ஸ் ஸ்டாண்டை எடுத்தேன். பெருக்கல் குறி போல இரண்டு குழாய், நடுவில் ஒரு பல்சக்கரம், அதில் விழுகிற ஒரு பூட்டு. உயரத்தைக் கூட்டக் கூட்டக் கால்கள் நெருங்கிவிடும். நாலாவது பல்லில் வைத்தால்தான் அவள் உயரத்துக்குச் சரியாக வரும்.

“இது ஆடுமாங்ணா?” என்று கேட்டாள்.

“அந்த நாலு காலத் தூக்கிக்கிட்டு உங்க ஊருக்குப் போற ராயக்கோட்டை பஸ்ல ஏறுவியாம்மா? கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிப்பான்.”

சிரித்துவிட்டாள். “என் கஷ்டத்த யோசிச்சு எடுக்கறீங்க பாருங்க. நீங்க சொன்னா சரிங்ணா” என்றாள். என் காரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டதற்கு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். நல்ல பெண். என்றைக்கும் நான் அதை மறுத்ததில்லை.

இதோடு நிறுத்தினால் இது தவறான தேர்வு மட்டும்தான், ஒரு மெமோவோடு போய்விடும். ஆனால் உங்கள் முதல் அறிக்கையில் ‘பூட்டின் பல்லில் தேய்மானம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. அது தேய்மானம் இல்லை, மேடம். தேய்மானம் இவ்வளவு சீராக இருக்காது. நான் அரத்தால் ராவினேன்.

விழாவுக்கு முன் ஒருமுறை பரிசோதித்துத் தருகிறேன் என்று சொல்லி ஸ்டாண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பூட்டு விழுகிற நாலாவது பல்லில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்தேன். பிறகு கீபோர்டுகளின் எடைக்கு அரிசி மூட்டையை ஏற்றினேன். நின்றது. மூட்டையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்தேன். சரிந்தது. பதினோரு தடவை செய்து பார்த்தேன். பதினோரு தடவையும் ஒரே மாதிரி. சோதிக்காமல் எதையும் வெளியே விடுகிற பழக்கம் எனக்கில்லை.

என் மனைவி காவேரி எட்டிப் பார்த்து, “அரிசி மூட்டைக்கு எதுக்குங்க ஸ்டாண்டு?” என்றாள்.

“எலி ஏறாது” என்றேன். ரொம்ப நாள் கழித்து என் யோசனை ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது.

விழா அன்று காலை பதினொரு மணிக்கு, மிஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்த பிறகு, பாட்டு தொடங்கியது. மூன்றாவது பாட்டில் முனிலட்சுமி சாய்ந்தாள். ஸ்டாண்டு படுத்தது. மேல் கீபோர்டு சரிய, அவள் பிடிக்கப் போனாள். கை குழாய்களுக்கு நடுவில் போனது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கின. அவள் கத்தியது மைக்கில் கேட்டது.

கீபோர்டு விழும், நாலு பேர் சிரிப்பார்கள், அவள் கொஞ்சம் கூச்சப்படுவாள், அவ்வளவுதான் என்று நினைத்ததாக முதலில் இந்தத் தாளில் எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ‘விழும் பொருளைக் கையால் பிடிக்காதீர்கள்’ என்று எங்கள் பிரிவின் வாசலில் நீங்கள் போர்டு வைத்திருக்கிறீர்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். எதற்காக வைத்தீர்கள் என்று தெரியும். எது விழுந்தாலும் மனிதர்கள் பிடிக்கத்தான் போவார்கள்.

நடுவிரல் இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நாராயணப்பனிடம் சொல்லி அனுப்பினாள்: “அண்ணன வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்க. நாந்தான் ரொம்ப சாஞ்சிட்டேன்.” கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. அன்று இரண்டு இட்லிதான் சாப்பிட்டேன்.

தயவுசெய்து பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வயதில் ஒரு சின்னப் பெண்மீது எதற்குப் பொறாமை?

கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்க வேண்டியவர் பட்டியலில் நான் இல்லாதபோது, அன்று என் காரில் என் கீபோர்டும் நாலு கால் ஸ்டாண்டும் ஏன் இருந்தன என்று. நிகழ்ச்சி பாதியில் நின்றுவிடக் கூடாதே என்றுதான் கொண்டுவந்தேன். அவளுக்குக் கொடுத்த ஏழு பாட்டுகளையும் மூன்று வாரம் வீட்டில் பழகி வைத்திருந்தேன். அவள் விட்ட வரியிலிருந்து, அதே சுதியில் எடுத்தேன். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. நீங்கள் கேட்டிருக்க முடியாது. அவளைத் தாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு நேரம் இருக்கும்போது சொல்லுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.