வான் ஈரம் அளந்த வல்லமைக்கு வணக்கம்

விண்ணில் நின்று மண்ணின் மழையை முன்னறிய வழிசெய்த வித்தகியே! காப்பியிலும் பேச்சிலும் சர்க்கரை சேர்க்காத, கடுகளவுப் பிழையும் பொறுக்காத எங்கள் பொறியாளர் எர்சிலியா தவானி அவர்களே! முப்பத்தொரு ஆண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்களுக்கு, ரோம் நகரப் புறத்து நுண்ணலைக் கதிர்மானிக் கூடத்தார் நன்றியோடு படைக்கும் மடல் இது.

காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நீராவியின் மெல்லிய அலையைச் செயற்கைக்கோளிலிருந்து அளக்கும் கதிர்மானி என்னும் கருவி உங்கள் வடிவமைப்பு. ஆன்டெனாவின் ஒவ்வொரு சுழற்சியிலும் அது குளிர்ந்த விண்வெளியையும், தனக்குள்ளேயே இருக்கும், வெப்பநிலை முன்பே தெரிந்த கருந்தட்டையும் பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அந்தக் கருந்தட்டில் சில மாதங்களில் சாய்வெயில் பட்டுச் சூடேறும், அளவு பிழையாகும், மறைப்பு வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, கருவி ஏவுதளம் செல்லக் காத்திருந்தது. கருவியின் சட்டகத்தைச் செய்யும் பிரிவின் தலைவர் துல்லியோ கொதித்தார்.

“எர்சிலியா, ராக்கெட் என்ன உங்க வீட்டு வாசல்ல நிக்கிற டாக்சியா, காத்திருக்க?”

“தப்பா அளக்கிற கருவியத் தூக்கிட்டுப் போறதுக்கு ராக்கெட் எதுக்கு?”

“ஒரு டிகிரிகூட மாறாதுங்க!”

“ஈரத்துக்கு அதுவே அதிகம்.”

வாதத்தை விட்டு விளக்கை எடுத்தீர்கள். திரைகளை இழுத்துக் கூடத்தை இருட்டாக்கி, சூரியன் நிற்கும் திசையில் துல்லியோவையே விளக்கோடு ஏணியில் ஏற்றினீர்கள். சோதனை மாதிரியின் ஆன்டெனாவைக் கையால் மெல்லத் திருப்பினீர்கள். ஒன்றுமில்லை. இன்னும் சற்று. ஒன்றுமில்லை. துல்லியோ சிரிக்கத் தொடங்கினார். அடுத்த திருப்பலில், ஓர் இடுக்கு வழியே, கருந்தட்டின்மேல் நக அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.

“அடச்சே, விழுதே! விளக்கப் பிடிச்சதும் நானே, இல்லேன்னும் சொல்ல முடியாது!”

ஏவுதல் தள்ளிப்போனது. ஊரே விடுமுறைக்குக் கடற்கரை போன ஆகஸ்டில் நாங்கள் மறைப்புத் தகடு பொருத்தினோம். எங்களில் பலர் உங்களோடு பேசவில்லை. நீங்களோ நாள்தோறும் பீச் பழங்களைக் கழுவி மேசையில் வைத்துவிட்டு, எங்களோடு கூடவே நின்றீர்கள். கருவி விண்ணேறியபின் சாய்வெயில் மாதங்கள் வந்தன, அளவு அசையவில்லை.

மறு இலையுதிர்காலத்தில் வடக்கே லிகூரியாவின் பள்ளத்தாக்குகளுக்குப் பெருமழை எச்சரிக்கை முன்கூட்டியே போனது. எங்கள் கருவி மட்டுமே காரணம் என்று எழுதினால், இந்த மடலையே திருத்தித் திருப்பி அனுப்புவீர்கள். வானிலையாளர் கையிலிருந்த பல அளவுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஆற்றோரம் ரொட்டிக் கடை வைத்திருக்கும் துல்லியோவின் அக்கா, மாவு மூட்டைகளோடு மாடியேறினார். வெள்ளம் அடுப்பு வாய்வரை வந்து வடிந்தது.

“டேய் துல்லியோ, மாவும் நனையல, நானும் நனையல. உன் எர்சிலியாவுக்கு என்னடா பிடிக்கும்?” என்று அன்றே தொலைபேசியில் கேட்டார்.

பெட்டி நிறைய ஃபொகாச்சா ரொட்டி வந்தது. அதைத் தூக்கிவந்து உங்கள் மேசைமுன் நின்றார் துல்லியோ. நீங்கள் நாற்காலியை நகர்த்தினீர்கள்.

“நிக்காதீங்க, உட்காருங்க. சேர்ந்து சாப்பிடுவோம்.”

அறிவால் உயர்ந்தவரே! அன்பை அதட்டலுக்குள் வைத்தவரே! நோயின்றி, நிறைமனத்தோடு, இனி வரும் ஆகஸ்டுகள் அனைத்தையும் கடலோரத்தில் கழித்து நெடிது வாழ்க!

நன்றி மறவாத
கதிர்மானிக் கூடத்துப் பணியாளர்கள்

(வாசிப்பு: தானே வாசிப்பேன் என்று அடம்பிடித்த துல்லியோ கில்யோனே)