மாதவிக்கு நான் போட்ட கணக்கு

அழகுக்கலை காலேஜில் சேர்வது லாபமா நஷ்டமா என்று யாராவது என்னைக் கேட்டால், தாராளமாகச் சேரலாம் என்றுதான் சொல்வேன் சார். அதை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தவன் நான்.

என் மனைவி மாதவி கேரி தீவில் பிறந்தவள். அப்பா அம்மா இல்லை. என்னைக் கட்டிக்கொண்ட பிறகு, கிள்ளானில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீடுதான் அவளுக்கு எல்லாம். எட்டு வருடமாயிற்று. பிள்ளை இல்லை. மேருவில் தரை கழுவும் திரவங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் சூப்பர்வைசர். காய்கறி, மீன் வாங்கப் பாசாருக்கு நானே போய்வருவேன். அவளுக்குச் சேலைகூட நானே எடுத்துவருவேன். வெளியே அலைகிற கஷ்டத்தை நான் அவளுக்கு வைத்ததே இல்லை.

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரம், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு காலேஜைப் பற்றிச் சொன்னாள்.

"அம்மாவோட வளையல வித்து ஃபீஸ் கட்டிக்கிறேங்க. உங்க காசு வேணாம். நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். படிப்புக் கட்டணம் பன்னிரண்டாயிரம் வெள்ளி. கத்தரி, தூரிகைப் பெட்டி தனி. தினமும் கொமுட்டர் ரயில். படிக்கும் காலத்தில் வருமானம் இல்லை. வரவுப் பக்கம், பங்சாரில் ஒரு சலூனில் சேர்ந்தால் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம். வாடிக்கையாளர்கள் கையில் கொடுப்பது வேறு. சனி ஞாயிறில் கல்யாணப் பெண் அலங்காரம் கிடைத்தால் ஒரு முகத்துக்கே ஐந்நூறு, அறுநூறு. தங்கைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி ஒரு சலூன் முதலாளியிடம் விசாரித்தேன். "கை நல்லா இருந்தா காசு தானா வரும்லா, அண்ணே" என்றார். உடம்பு சரியில்லாத நாள், வேலை இல்லாத மாதம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். அப்படியும் இரண்டு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் சம்பளம் என் சம்பளத்தைத் தொட்டுவிடும்.

நஷ்டம் என்று வந்திருந்தால் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அவளும் கேட்டிருப்பாள். லாபம் என்று வந்ததுதான் சிக்கல். பிறகு இன்னொன்றையும் கணக்குப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை வாடகை, ஓர் ஆள் சாப்பாடு. அந்தச் சம்பளத்தில் அதுவும் முடியும். மிச்சமும் இருக்கும். போகிறேன் என்று மாதவி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போக வழி இருந்தும் ஒருத்தி கூட இருப்பது வேறு, வழியில்லாமல் இருப்பது வேறு. இரண்டாவதில்தான் எனக்கு நிம்மதி.

சேரச் சொன்னேன். தடுத்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

நன்றாகப் படித்தாள். சாப்பிடும்போதுகூட அந்தப் பேச்சுதான். ஒருநாள், "ஜெயமாலா டீச்சர் என் கையப் பிடிச்சுப் பாத்து, இந்தக் கை சும்மா இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள். எட்டு வருடத்தில் அவள் கையைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தொழிற்சாலையில் தண்ணீர் கலப்பதற்கு முந்திய, காரம் குறையாத சரக்கு என் பொறுப்பில்தான் இருக்கும். அவள் கைக்குப் பூசும் க்ரீமில் அதைக் கலந்தேன். மிகக் கொஞ்சம்தான். விரல்கள் சிவந்தன, பிறகு தோல் உரிந்தது. கிளினிக்குக்கு நானே அழைத்துப்போனேன். தலைமுடிச் சாயம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வேறு வேலை பார்க்கலாமே என்றார் டாக்டர். அவர் கொடுத்த மருந்தை வீட்டில் நான்தான் ஒவ்வொரு விரலாகத் தடவிவிடுவேன். அதிலும் கலந்திருந்தேன். சத்தமில்லாமல் அழுவாள்.

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும் சார். அத்தோடு அவள் படிப்பை விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

விடவில்லை. பருத்திக் கையுறை போட்டு, அதற்கு மேல் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு போனாள். கடைசிச் செய்முறைத் தேர்வு வந்தது. அலங்காரம் செய்துகாட்ட ஒரு பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும். எதிர்வீட்டு வள்ளியம்மாவின் மகள் மலர், நான் வரேன் அக்கா என்று சொல்லியிருந்தாள். தேர்வன்று காலையில் மாதவி குளிக்கப் போயிருந்தபோது, அவள் பையில் இருந்த முகம் துடைக்கும் திரவப் பாட்டிலைத் திறந்தேன். கொஞ்சம் ஊற்றியதில் பலன் இல்லை என்று தெரிந்திருந்ததால், இந்தத் தடவை தாராளமாக ஊற்றினேன். அந்தப் பெண்ணின் முகம் சிவக்கும், மாதவி தேர்வில் தோற்பாள், அவ்வளவுதான் என் எண்ணம். கண்ணுக்குள் போகும் என்று யார் நினைத்தார்கள். மலருக்கு இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம்.

அதற்குப் பிறகு மாதவி வாசல் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளியம்மா வந்து நின்றார். திட்டவில்லை, மாதவியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார். "என் கையிலதான் ஏதோ இருக்கு" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. வேலை முடிந்து வந்தால் வீட்டில் இருப்பாள்.

பிறகு அந்தப் பாட்டிலைச் சோதித்து, உள்ளே இருந்தது என்னவென்று கண்டுபிடித்து, நீங்கள் அவளை இங்கே ஸ்டேஷனுக்கு அழைத்துவந்தீர்கள். தானே கைதவறி எதையோ மாற்றி ஊற்றியிருக்கலாம் என்று உங்களிடம் சொன்னாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஜாமீனில் விட்டால் நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் ஜெயமாலா வந்து ஜாமீன் கொடுத்தார். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார்.

"கொஞ்ச நாள் டீச்சர் வீட்டுல இருக்கேங்க" என்றாள் மாதவி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதனால்தான் வந்தேன். க்ரீமில் கலந்தது நான். பாட்டிலில் ஊற்றியது நான். மலரின் கண் போனதும் என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாதவியின் கையில் ஒரு குறையும் இல்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அது தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் ஒளிந்திருக்க அவசியம் இல்லை, திரும்பி வந்துவிடுவாள். எத்தனை வருடமானாலும் எனக்காகக் காத்திருப்பாள்.

ஒரு விஷயம் மட்டும். எங்கள் வீட்டுக்குச் சாவி ஒன்றுதான், அது என்னிடம்தான் இருக்கும். முன்பெல்லாம் நான் வேலைக்குப் போகும்போது, அவள் உள்ளே இருக்க, வெளியே பூட்டிவிட்டுப் போவேன். காலேஜ் போன நாட்களில், நான் வந்து திறக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள், ஒருநாளும் குறை சொன்னதில்லை. உள்ளே வரும்போது உங்கள் ஆள் என் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்துவைத்தார். அதை மாதவியிடம் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல், பாவம், அவள் எங்கே போவாள்.